ஊர்வாய்க்கு ஒரு பெயர்
கெடாத் தோட்டத்துக் கதைகளில் புறங்கூறுவோர்



இன்றைய பொழிவின் பொருளைக் கேட்டதும் நண்பர் ஒருவர் நகைத்தார். ‘புறம்பேசுவோரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டுமா? சுங்கைப் பட்டாணிச் சந்தையில் மீன் வாங்கும் நேரத்திலேயே எல்லாம் விளங்கிவிடுமே’ என்றார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நாம் அனைவரும் அந்தக் கலையைக் கேட்டும் பயின்றும் வளர்ந்தவர்களே. ஆயினும் நம் கதைகளில் அம்மனிதர் எவ்வாறு வருகிறார், ஏன் அவ்வாறே வருகிறார் என்று கேட்டால் எளிய விடை கிடைப்பதில்லை. அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

தோட்டப்புற வாழ்வைச் சொல்லும் சிறுகதைகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு கிழவியைத் தெரியும். அவள் பொதுக் குழாயடியில் நிற்பாள். வாயில் வெற்றிலை இருக்கும். குடம் நிரம்பியும் நகர மாட்டாள். கதைத்தலைவி அவ்வழியே போவாள்; கிழவி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்வாள்; அடுத்த பத்தியில் தலைவியின் தந்தை இடைவாரைக் கழற்றிக்கொண்டு நிற்பார். கிழவியின் வேலை அத்தோடு முடிந்தது. அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த நிரையில் பால் வெட்டி முதுகு வளைந்தாள், அந்தச் சொல்லால் அவளுக்கு என்ன கிடைத்தது என்று கதை கேட்பதில்லை. நல்ல கதைகளில்கூட அவள் பாத்திரம் அல்லள். கதவைத் திறந்துவிடும் கீல். நாம் எழுதிய கதையொன்றிலும் இதே கிழவி வந்தாள். அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தமிழில் இத்தொழிலுக்கு எத்தனை பெயர்கள்! புறணி, கோள், வம்பு, சாடை, பொல்லாங்கு, புரளி, வதந்தி, கிசுகிசு. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. புறணி பக்கவாட்டில் ஓடுவது. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, சமமானவர் சமமானவரிடம் சொல்வது. கோள் மேல்நோக்கி ஏறுவது. அதிகாரம் உள்ளவர் காதில் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கோடு சொல்லப்படுவது. அதைத்தான் நம் தோட்டத்து மக்கள் ‘வத்தி வைப்பது’ என்றார்கள். சாடையோ பேசப்படுபவர் எதிரில் இருக்கும்போதே, வேறு யாரையோ பேசுவதுபோல் நடப்பது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் நம் கதைகளில் எல்லாப் பழியும் குழாயடியில் வந்து குவிந்தது என்று நாம் கருதுகிறோம்.

பழந்தமிழ் இலக்கணிகள் இதைவிட நுட்பமாகப் பிரித்தார்கள். இறையனார் களவியலுரை அம்பலையும் அலரையும் வேறுபடுத்துகிறது. சொல்லாகத் திரளாமல், மொட்டுப்போல் வாய்க்குள்ளேயே நிற்கும் முணுமுணுப்பு அம்பல். இன்னவனுக்கும் இன்னவளுக்கும் இடையே இன்னது நிகழ்ந்தது என்று விளங்கச் சொல்லிவிட்டால் அது அலர். மொட்டு, மலர் என்ற இரு நிலைகள். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை உற்று நோக்கினால், அங்கே இருப்பது ஒரு பெயர். பெயர் வைக்கப்படாதவரை அது வெறும் மணம். பெயர் வைத்த நொடியில் அது ஒரு பெண்ணின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

இதற்குப் பக்கத்தில் இன்னோர் இலக்கணத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. பெயர் வந்தால் பாட்டு அகத்தை விட்டு விலகிவிடும். இவ்விதியை இதுகாறும் நாம் பாவியல் ஒழுங்காக மட்டுமே கற்பித்து வந்தோம். சிற்றூரில் வாழ்ந்தவர்களுக்கு அதில் வேறொன்றும் தெரியும். காதலைப் பாடுகிறவன் ஊரார் வாயோடு தன் வாயையும் சேர்த்துவிடாமல் இருக்க ஒரு வேலி வேண்டும்; அந்த வேலிதான் பெயரின்மை. அலர் எதைச் செய்கிறதோ அதைச் செய்யாமலிருக்கும்படி கவிஞனுக்கு இடப்பட்ட கட்டளையாகவும் அவ்விதியை வாசிக்கலாம்.

சங்கப் பாடல்களில் அலர் தூற்றும் மகளிர் ஏராளம். ஆனால் அவர்களுள் ஒருத்திக்கும் தனிமுகம் இல்லை; அவர்கள் ஊர் என்னும் ஒரே உடலின் பல வாய்கள். அவர்களின் பேச்சு கொடியது என்று தலைவி நோகிறாள். தோழியோ அதையே கருவியாக்கி, ‘அலர் மிகுந்துவிட்டது, இனித் தாமதியாமல் மணந்துகொள்’ என்று தலைவனை நெருக்குகிறாள். திருவள்ளுவரும் இரு முகத்தையும் அறிந்தவர். புறங்கூறாமைக்கு அறத்துப்பாலில் 19ஆம் அதிகாரம் வைத்து அதை இழிந்த செயலாகக் கடிகிறார். காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என 115ஆம் அதிகாரம் வைத்து, ஊரார் பேச்சால் தம் காதல் வளர்வதாகக் காதலரையே மகிழச் செய்கிறார். ஒரே நூல், ஒரே செயல், இரு தீர்ப்பு. இப்பெருந்தன்மை நம் தோட்டத்துக் கதைகளுக்கு ஏன் வாய்க்கவில்லை?

ஒரு காரணம் கூனி. கம்பர் வரைந்த மந்தரைக்குப் பின்னர், நம் மனத்தில் தீச்சொல்லுக்கு ஒரு முதிய பெண்ணின் வளைந்த உடல் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் மந்தரை சூழ்ச்சிப் படலத்தை நிதானமாகப் படித்தால் கம்பர் அவளுக்குச் செய்த நியாயம் தெரியும். சிறுபிள்ளையாக இருந்த இராமன் விளையாட்டாக வில்லில் உண்டை வைத்து அவள் கூனில் எய்தான். அந்த அவமதிப்பை அவள் மறக்கவில்லை. நகரமெல்லாம் அழகுபெறும் இரவில் அவள் மட்டும் அந்தப் பழைய வலியோடு நடக்கிறாள். அவள் சொல்வதைக் கேட்ட கைகேயி முதலில் மகிழ்ந்து மாலை ஒன்றைப் பரிசாக நீட்டுகிறாள். கூனி அதை நிலத்தில் எறிகிறாள். அந்த எறிதலில் ஒரு பாத்திரம் பிறக்கிறது. அவளுக்குப் பொருள் வேண்டியதில்லை. வேறென்னவோ வேண்டும். மேலும், அவள் செய்வது புறணி அன்று, கோள். அவள் குழாயடிக்குப் போகவில்லை, அந்தப்புரத்துக்குப் போனாள். நம்மவர்கள் கூனியின் முதுகை மட்டும் எடுத்துக்கொண்டு, அவள் நடந்து சென்ற திசையை விட்டுவிட்டார்கள்.

கெடாத் தோட்டங்களுக்கு வருவோம். பீடோங், குரூண், பாடாங் செராய், கோல கெட்டில், கூலிம் சுற்றுவட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். பல லயங்களில் அச்சுவர் கூரையைத் தொட்டதில்லை. அடுத்த வீட்டில் குழந்தை இருமினால் இந்த வீட்டில் எண்ணெய் காய்ச்சினார்கள். அது அன்பு. அதே இடைவெளி வழியாகத்தான் கணவன் மனைவி சண்டையும் வந்தது. மறைவு என்பதே இல்லாத கட்டட அமைப்பில் இரகசியம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? எல்லார்க்கும் தெரிந்திருந்தும் யாரும் சொல்லாமலிருப்பதே அங்கே இரகசியம். எனவே, அங்கே புறங்கூறுகிறவர் புதிய செய்தி எதையும் கொண்டுவருவதில்லை. சொல்லாமலிருக்க ஊர் செய்துகொண்ட உடன்பாட்டை அவர் முறிக்கிறார். கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘அவளுக்கு எப்படித் தெரிந்தது?’ என்ற கேள்வி லயத்தில் பொருளற்றது. ‘அவள் ஏன் இன்று சொன்னாள்?’ என்பதே கேள்வி.

பேச்சுக்கென நாளில் சில வேளைகள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் வரை நிற்கும் நேரம். பால் எடுத்து முடித்து, வாளிகளோடு ஸ்டோரில் நிறுவைக்குக் காத்திருக்கும் நேரம். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விடும், எடுக்கும் நேரம். மாலையில் குழாயடி. இவையெல்லாம் பெண்களும் ஆண்களும் கலந்து நின்ற இடங்கள். ஆண்களுக்கு மட்டும் உரியனவும் உண்டு: கள்ளுக்கடை, முடிதிருத்துபவரின் நாற்காலி, கோயில் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்ட அலுவலகம்.

அலுவலகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் அங்கேதான் வந்து சேர்ந்தன. யாருக்குத் தமிழகத்திலிருந்து கடிதம் வந்தது, யார் பணம் அனுப்பினார், யார் கடிதத்தில் எந்த ஊர் முத்திரை என்பதெல்லாம் மேசைக்கு அப்பால் இருந்தவருக்கு முதலில் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவரிடமே படித்துக் காட்டச் சொன்னார்கள். கங்காணி முறை வழங்கிய காலத்தில் நிலைமை இன்னும் இறுக்கம். கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தவர். யார் எந்தச் சாதி, யார் கடனுக்கு ஓடிவந்தார், யாருடைய முதல் மனைவி ஊரில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். கடல் கடந்து புதுவாழ்வு தேடியவனின் பழவாழ்வு முழுவதும் ஒரு மனிதரின் மடியில் முடிந்துவைக்கப்பட்டிருந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியதோடு அம்முறையின் காலம் முடிந்தது. முடிச்சு அவிழவில்லை.

இத்தகைய செல்வாக்கு எதுவும் குழாயடிக் கிழவிக்கு இல்லை. அவள் சொல்லால் ஒரு பெண்ணுக்கு அவமானம் நேரலாம். கிராணி துரையிடம் சொன்ன சொல்லால் ஒரு குடும்பத்துக்கு வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனெனில் வீடு தோட்டத்துடையது. மொட்டைக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். அதை எழுத எழுத்தறிவு வேண்டும், தாள் வேண்டும், அஞ்சல்தலை வேண்டும், யாருக்கு அனுப்பினால் பலிக்கும் என்ற உலகியலறிவு வேண்டும். நம் தோட்டங்களில் இந்நான்கும் ஒருங்கே யாரிடம் இருந்தன? ஆனாலும் மொட்டைக் கடிதம் எழுதுகிறவரை நடுநாயகமாக வைத்த தோட்டத்துக் கதையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கிழவியோ தேடாமலே வந்து நிற்கிறாள். கதை எழுதியவர்களுள் ஆசிரியர்களும் எழுத்தர்களும் மிகுதி என்பதை நினைவிற்கொண்டால் இதன் காரணம் ஓரளவு புலப்படும். எவரையும் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. நாமும் எழுத்தர் மேசையில் இருந்தவர்தாம்.

பெயர் கொடுப்பது உயிரை எடுத்த காலமும் இம்மண்ணில் இருந்தது. 1943 அக்டோபரில் சப்பானியர் கெடாவைச் சயாமின் ஆட்சிக்குக் கொடுத்தார்கள். போர் முடியும் வரை இம்மாநிலம் சைபுரி என்ற பெயரோடு இருந்தது. அதே ஆண்டில் சயாம் இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டினார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்கப்பட்டபோது, யார் பெயர் பட்டியலில் ஏறும், எவன் மகன் எங்கே மறைந்திருக்கிறான் என்ற செய்திக்கு விலை வந்தது. அந்த வரலாற்றை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகியவை நாவலாக்கின; நம் சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவானின் ‘கையறு’வும் அதனைத் தொட்டெழுந்தது. 1948இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள், காட்டுக்கு அரிசி கொடுத்தவர் யார் என்ற செய்தி கைமாறியது. ஒரு தலைமுறை முழுதும் வாயை மூடக் கற்றது. இன்னொரு பகுதி வாயால் பிழைக்கக் கற்றது. அமைதி திரும்பிய பிறகு இந்த இரு பழக்கங்களும் எங்கே போயின? லயத்துக்குத்தான் திரும்பியிருக்கும். இப்படித் திரும்பிவந்த ஒருவர் நம் கதைகளுக்குள் இன்னும் போதுமான அளவு நுழையவில்லை.

தமிழகத்து நிகழ்வொன்றை இங்கே நினைவுகூர வேண்டும். நம் தோட்டத்துத் திரைப்படக் கொட்டகைகளுக்கும் அதில் பங்குண்டு. சி. என். இலட்சுமிகாந்தன் என்பவர் சென்னையில் ‘சினிமா தூது’ என்ற இதழ் நடத்தினார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்வைப் பற்றி இழிவாக எழுதுவதே அதன் வணிகம். அதன் உரிமம் பறிக்கப்பட்ட பின் ‘இந்து நேசன்’ என்ற இதழில் அதையே தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் குத்தப்பட்டு இறந்தார். அக்கொலை வழக்கில் எம். கே. தியாகராச பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு 1947இல் அவர்களின் விடுதலையில் முடிந்தது. ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோது சிறை சென்ற பாகவதர், திரும்பி வந்தபோது அந்தப் பழைய உயரத்தை எட்டவில்லை. இக்கதையில் ஒரு கிழவியும் இல்லை. அச்சுக்கூடமும் விற்பனைக் கணக்கும் இருந்தன. வாசகர்கள் இருந்தார்கள். இலட்சுமிகாந்தனைத் தீயவன் என்று சொல்லிவிட்டு, அவ்விதழைக் காசு கொடுத்து வாங்கியவர்களை நாம் மறந்துவிடுகிறோம். புறங்கூறுவோரைக் கதையில் படைக்கும்போது கேட்பவரையும் படைக்காவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இனி மொழிக்கு வருவோம். மொழிக்கழகத்தின் மேடையில் இதைச் சொல்லாமல் போவது முறையன்று. தமிழில் ஓர் இடைச்சொல் உண்டு: ‘ஆம்’. ‘வந்தாள்’ என்றால் சொன்னவர் அதற்குப் பொறுப்பு. ‘வந்தாளாம்’ என்றால் பொறுப்பு காற்றில் போய்விடுகிறது. யார் சொன்னார்கள்? தெரியாது. எப்போது? தெரியாது. ஆனால் வந்தாளாம். ஒரு நீதிமன்றத்தில் பல பக்கம் எழுதித் தப்ப வேண்டியதை, நம் மொழி ஒற்றை அசையில் செய்துவிடுகிறது. இந்த அசை தீயது அன்று; பாட்டி சொன்ன கதைகள் எல்லாம் ‘ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம்’ என்றுதானே தொடங்கின? கதைசொல்லலுக்கும் புறங்கூறலுக்கும் தமிழ் ஒரே இலக்கணத்தைக் கொடுத்திருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு இது சற்றுக் கூச்சம் தர வேண்டிய செய்தி.

நம் அண்டை மலாய்மொழி வதந்தியைக் ‘காபார் ஆங்கின்’, காற்றுச்செய்தி, என்கிறது. 1816இல் அரங்கேறிய ரொசீனியின் ‘செவில் நகர நாவிதன்’ இசைநாடகத்தில் பசீலியோ என்னும் பாத்திரம் அவதூற்றின் பெருமையைப் பாடுகிறது. அங்கும் அது மென்காற்றாகத் தொடங்கிப் பீரங்கி முழக்கமாக வெடிக்கிறது. மலாய்க்காரரும் இத்தாலியரும் ஒருவரையொருவர் கேட்டா காற்றைத் தேர்ந்தார்கள்? காற்றுக்கு முகவரி இல்லை என்பது எங்கும் தெரிந்ததே.

தேர்ந்த புறங்கூறுநர் ‘ஆம்’ ஒன்றையே நம்பியிருப்பதில்லை. முதலில் இரக்கம் காட்டுவார்: ‘பாவம் அந்தப் புள்ள.’ அடுத்துத் தன்னை விலக்கிக்கொள்வார்: ‘நமக்கு எதுக்குக்கா ஊர் வம்பு.’ பின்னர்க் கேட்பவரைச் சான்றாக்குவார்: ‘ஒங்களுக்குத் தெரியாததா?’ இதற்குள் கேட்பவர் ‘என்ன, என்ன?’ என்று தாமே கேட்டிருப்பார். முழுச்செய்தியை இவர் சொல்லவே மாட்டார். இடைவெளி விட்டு நிறுத்துவார், கேட்பவர் அதைத் தம் மனத்திலுள்ள அழுக்கால் நிரப்பிக்கொள்வார். இந்த உரையாடலைச் செந்தமிழில் எழுத இயலாது. நாம் இளமையில் முயன்று, கிழவியை ‘அப்பெண்ணின் ஒழுக்கம் ஐயத்திற்குரியது’ என்று பேச வைத்தோம். தோட்டத்து மக்களின் வாய்மொழியை உள்ளபடி எழுதுவதற்குத் துணிவு வேண்டியிருக்கிறது. லூனாசில் பிறந்த ம. நவீன் அவ்வட்டார வாழ்வை 2019இல் ‘பேய்ச்சி’ நாவலாக எழுதினார். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடைசெய்தது. அந்நூலைப் பற்றி இந்த அவையில் ஒருமித்த கருத்து இராது. இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் நாற்றமில்லாத வாய்களைக் கொண்டு ஊர்வாயை எழுத முடியாது என்பதையேனும் ஒப்புக்கொள்ளலாம்.

ஜெயகாந்தனிடம் நாம் கற்றது இதனினும் கடுமையான பாடம். 1966இல் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழைநாளில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் நீரை ஊற்றுகிறாள்; செய்தி வெளியே போகாமல் தன்னோடு அடக்கிக்கொள்கிறாள். அப்பெண்ணுக்கு வாழ்வு மிஞ்சுகிறது. அதே நிகழ்விலிருந்து பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதியபோது, தாய் வாய்விட்டு அலறிவிடுகிறாள்; அண்டை அயல் அறிகிறது; அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். நடந்த கொடுமை இரண்டிலும் ஒன்றே. ஊர் அறிந்ததா, அறியவில்லையா என்பதே இரு வாழ்வுக்கும் வேறுபாடு. அந்நாவலில் கங்கா ஓர் இதழைப் புரட்டும்போது தன் வாழ்வையே யாரோ ஓர் எழுத்தாளர் கதையாக எழுதியிருப்பதைக் காண்கிறாள். ஊர்வாயிலிருந்து தப்பி வாழும் பெண், அச்செழுத்தில் தன்னைச் சந்திக்கிறாள். ஜெயகாந்தன் தம் சொந்தக் கதையையே அந்த இதழில் வைத்தார் என்பதை எண்ணினால், எழுத்தாளர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று தெரிகிறது.

முன்னர்ச் சொன்ன நம் கதைக்கு வருகிறோம். 1970களின் பிற்பகுதி. பீடோங்கிற்கு அப்பால் ஒரு தோட்டம், பெயர் வேண்டா. இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நகரத்தில் யாரோடோ நின்றாளாம். நான்காம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினார்கள்; ஆறு மாதத்தில் தொலைவில் மணம் முடித்து அனுப்பினார்கள். நமக்குச் சினம். இளமைக்கே உரிய தூய சினம். குழாயடியில் அதைப் பேசிய கிழவி ஒருத்தியை நாம் கண்ணால் கண்டிருந்தோம். அவளை வைத்து ஒரு சிறுகதை எழுதினோம். பெயரை மாற்றினோம், ஆனால் அவளுடைய ஒற்றைக் காதுத் தோட்டையும், சாய்ந்த நடையையும், அவள் வாயில் எப்போதும் வரும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றினால் கதை உயிரற்றுப் போகும் என்று நினைத்தோம். நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்பில் அது வெளிவந்தது. தோட்டமே படித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துக் காட்டினார்கள். அவளுக்கும் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அதன்பின் அவள் மாலையில் குழாயடிக்கு வருவதில்லை. இருட்டிய பிறகு, எல்லாரும் போன பின், குடத்தோடு வருவாள் என்றார்கள். சில வாரங்கள் கழித்து கோயில் திடலருகே நம்மை நிறுத்தினாள். வசை பொழிவாள் என்று காத்திருந்தோம்.

‘தம்பி, அதுக்குக் காசு குடுத்தாங்களா?’ என்றாள்.

‘பத்து வெள்ளி’ என்றோம்.

சற்று நேரம் எண்ணிப் பார்ப்பதுபோல் நின்றாள். ‘எனக்கு யாரும் குடுத்ததில்ல’ என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று அதை நகைச்சுவையாக நண்பர்களிடம் சொன்னோம். பல ஆண்டுகள் சொன்னோம். அந்தப் பெண்ணின் தாயை நெடுங்காலம் கழித்து, சுங்கைப் பட்டாணியில் ஒரு சாவு வீட்டில் சந்தித்தபோதுதான் செய்தி வேறாக இருந்தது. பேச்சு குழாயடியில் தொடங்கவில்லை. பெண்ணுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பள்ளித் தோழி எழுதிய கடிதம். அது அலுவலகத்திலேயே பிரிக்கப்பட்டது. அதில் ஒரு பையனின் பெயர் இருந்தது; தோழி தன்னைப் பற்றி எழுதியது. மேசைக்கு அப்பால் இருந்தவர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டாரா, புரிந்தும் அப்படிச் சொன்னாரா என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. அவர் பெண்ணின் தந்தையைத் தனியே அழைத்து, ‘உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்லியிருக்கிறார். கிழவியின் வாய்க்கு வந்தபோது அது ஊரறிந்த செய்தி. அவள் அதோடு சேர்த்தது ஓர் ‘ஆம்’ மட்டுமே.

அம்மையார் இதைச் சொல்லும்போது சினமே இல்லை. ‘நீங்க எழுதுன கதைய அவளுக்கும் யாரோ அனுப்பிவச்சாங்க’ என்றார், தம் மகளைக் குறித்து. கிழவியை மட்டும் எழுதியதாகத்தான் நாம் நினைத்திருந்தோம். படிப்பை நிறுத்திய பெண்ணும் கதையில் இருந்தாள். அவளுடைய பேருந்தும் அவளுடைய பள்ளிச் சீருடையும் அவள் நின்றதாகச் சொல்லப்பட்ட கடைவாசலும் இருந்தன. ஊரில் அம்பலாக இருந்ததை அச்சில் அலராக்கியவர் நாமே. தொல்காப்பியர் போட்ட வேலியைப் பெயரை மாற்றிவிட்டால் தாண்டியதாகாது என்று நினைத்தோம். தோடும் பேருந்தும் பெயரைவிட உரக்கப் பெயர் சொல்லும்.

தோட்டங்கள் இப்போது பெரும்பாலும் இல்லை. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் தாமான்கள். லயத்து மக்கள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அடுக்கு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். கல் சுவர்கள் கூரையைத் தொடுகின்றன. ஆனாலும் பலகைச் சுவரின் இடைவெளியைப் புலனக் குழுக்கள் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. ‘வந்த செய்தியை அனுப்புகிறேன், உண்மையா என்று தெரியவில்லை’ என்ற முன்னுரையைப் பாருங்கள். அதே ‘ஆம்’, சற்று நீண்டிருக்கிறது. இளைய எழுத்தாளர்கள் இதைக் கதையாக்கும்போது மீண்டும் குழாயடிக் கிழவியையே கைப்பேசியோடு நிறுத்துகிறார்கள். முதலில் அனுப்பியவர் யார், அவர் எந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லிவருகிறோம்.

நாமோ அந்தப் பழைய கதையைத் திருப்பி எழுத முயன்றுகொண்டிருக்கிறோம். கிழவியை எடுத்துவிட்டுத் தொடங்கினோம். கதை அலுவலகத்தில் தொடங்குகிறது. காலை பதினொரு மணி. வெளியே நிறுவைக்கு ஆட்கள் நிற்கும் ஓசை. ஒருவர் தம் மேசையில் ஒரு கடிதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்; பெண்பிள்ளையின் கையெழுத்து. அவர் நல்லவர். கோயிலுக்கு நன்கொடை எழுதுபவர். பிள்ளைகளுக்குப் பாடநூல் வாங்கித் தருபவர். அவருடைய மகளும் அதே பேருந்தில்தான் பள்ளிக்குப் போகிறாள். அவர் உறையை நீராவியில் பிடிக்கிறாரா, நேரே கிழிக்கிறாரா என்பதில் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்துவிட்டோம். நீராவியில் பிடித்தால் அவர் தீயவர்; கிழித்தால் அவருக்கு அதில் தவறே தெரியவில்லை. இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்து மனைவியிடம் முதற்சொல்லாக என்ன சொன்னார் என்பது இன்னும் நமக்குக் கேட்கவில்லை.